ஏசி பேனல் மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பாலக்காட்டுக் கணவாயின் காற்று நேராக வந்து மோதும் கொழிஞ்சாம்பாறையில் வண்டி எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. வெப்ப அலை என்றே அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் வயதானவர்களை உட்கார வைத்துக்கொண்டு, ஏசி இல்லாத காரில் வாளையார் வழியாகக் கோவை ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது பெரிய வேதனை. அதனால் ஏசி வேலையை நான் ஆடம்பர வேலையாக நினைப்பதே இல்லை.

ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள வண்டியில் டேஷ்போர்டு நடுவில் இருக்கும் பேனலைப் பலரும் வெறும் சுவிட்ச் பலகை என்றே நினைக்கிறார்கள். பல வண்டிகளில், முக்கியமாக ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வகைகளில், ஏசியின் மூளையே அந்தப் பேனலுக்குள்தான் இருக்கிறது. தான் எந்த வண்டியில் இருக்கிறோம், ஸ்டியரிங் எந்தப் பக்கம், உள்ளே காற்றுக் கதவுகளை அசைக்கும் ஃபிளாப் மோட்டார் எத்தனை, ஒவ்வொரு மோட்டாரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதெல்லாம் அதன் நினைவில் இருக்கும். வேறு பேனலை மாட்டினால் அந்த நினைவு கூடவே வராது. நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலையை விட்டதால் வருபவை.

பழைய பேனலைக் கழற்றும் முன்

திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் ஸ்கேனரை, அதாவது வண்டியின் கணினிகளோடு பேசும் சோதனைக் கருவியை, மாட்டுங்கள். பழைய பேனலில் திரை இருண்டிருக்கலாம், பட்டன் வேலை செய்யாமல் இருக்கலாம். ஆனாலும் ஸ்கேனரோடு அது பேசக்கூடும். திரை ஒரு பகுதி, உள்ளே இருக்கும் கணினி வேறொரு பகுதி. ஒன்று செத்தாலும் மற்றது உயிரோடு இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஃபோக்ஸ்வேகன் குடும்ப வண்டிகளில் ஸ்கேனரில் ஏசி கன்ட்ரோலைத் தேர்ந்தெடுக்கும் முகவரி எண் 08. ரோஸ்-டெக் நிறுவனத்தின் வி.சி.டி.எஸ் என்ற ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் முதலில் வண்டி முழுவதற்கும் ஆட்டோ ஸ்கேன் போட்டு, அந்த அறிக்கையைச் சேமித்துக்கொள்ளுங்கள். பேனலின் பார்ட் நம்பர், மென்பொருள் எண், வண்டியின் விவரங்களைப் பேனலுக்குச் சொல்லும் கோடிங் எண் எல்லாம் அதில் ஒரே இடத்தில் வந்துவிடும். அப்புறம் 08-க்குள் போய், மெனுவில் 10 என்ற அடாப்டேஷன் (நுண் அமைப்பு) பகுதியில் இருக்கும் மதிப்புகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். கோடிங் எண்ணில் எந்த இலக்கத்துக்கு என்ன பொருள் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பொருள் புரிகிறதோ இல்லையோ, எண்ணை அப்படியே எழுதுங்கள். முன்னால் இருக்கும் பூஜ்யங்களையும் விடக்கூடாது. செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

பிறகு இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்து, சில நிமிடம் விட்ட பிறகு கழற்றுங்கள். பின்னால் இருக்கும் கப்ளர்களில் பூட்டு நெம்புகோல் இருக்கும். அதைத் திறக்காமல் ஒயரைப் பிடித்து இழுத்தால் பின் வளைந்துவிடும். அப்புறம் வரும் கோளாறுக்கும் கோடிங்குக்கும் சம்பந்தமே இருக்காது, ஆனால் நாள் பூராவும் கோடிங்கைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

வாங்கும் போதே பார்க்க வேண்டியது பார்ட் நம்பர். ஸ்கோடாவின் ஆக்டேவியா இரண்டாம் தலைமுறையில், இங்கே லாரா என்று விற்ற வண்டியில், ஆட்டோமேட்டிக் பேனல் 1இசட்0 907 044 என்று தொடங்கும். அதே காலத்து கோல்ஃப், ஜெட்டா வகைக்கு 1கே0 907 044. கைமுறை ஏசி பேனலின் எண் 1கே0 820 047 என்று போகும். அது வேறு ஜாதி, மாற்றிப் போட முடியாது. கடைசியில் வரும் எழுத்துகளும் முக்கியம். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றாலும் பழைய ஸ்டிக்கரையும் புதிய ஸ்டிக்கரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பேனலே எரியவில்லை

கப்ளர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, நெம்புகோல் பூட்டியிருக்கிறதா, ஃப்யூஸ் சரியா என்று பாருங்கள். மல்டிமீட்டரில் பேட்டரி நேரடி லைனும் இக்னிஷன் லைனும் எர்த்தும் வருகிறதா என்று சோதியுங்கள். மூன்றும் வந்தும் எரியவில்லை என்றால் வாங்கிய பேனல் செத்தது. திருப்பிக் கொடுங்கள்.

பேனல் எரிகிறது, ஆனால் இக்னிஷன் போட்டதும் பட்டன் விளக்குகள் மினுங்குகின்றன

அதிகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வேலந்தாவளத்துப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர் தன் செடானைக் கொண்டுவந்தார். தோப்பிலிருந்து வரும்போது மடியில் வைத்திருந்த இளநீர் கவிழ்ந்து பேனலுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் திரை போய்விட்டது. அவரே ஒரு பழைய பேனலை வாங்கி, வேறொரு இடத்தில் மாட்டிவிட்டார். மாட்டியதிலிருந்து ஏசி பட்டனும் உள்காற்றுப் பட்டனும் இக்னிஷன் போட்டதும் கொஞ்ச நேரம் மினுங்கின, குளிரே வரவில்லை.

"ஏனுங்க, புதுசு போட்டும் இப்படி மின்னுதே, இதுவும் போச்சுங்களா?"

"பேனல் போகலைங்க. இது எந்த வண்டின்னு அதுக்குத் தெரியலை. பழசு எங்கீங்க?"

"தேங்காய் உரிக்கிற இடத்துல கிடக்குதுங்க. தூக்கிப் போடலாம்னு இருந்தேன்."

போய் எடுத்து வரச் சொன்னேன். மஞ்சப்பையில் வந்தது. பின்மூடியைத் திறந்தால் போர்டின் ஒரு மூலையில் பச்சைப் பூஞ்சணம் போல் செம்பு பூத்திருந்தது. இளநீரில் உப்புச் சத்து உண்டு. தண்ணீர் காய்ந்தாலும் அந்த உப்பு தங்கி, ஈரக்காற்று படும்போதெல்லாம் செம்பை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் துலக்கினேன். பச்சை கரைந்து, கீழே தாமிரக் கோடு மெலிந்து தெரிந்தது. திரைக்குப் போகும் கோடு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. அதைத் தொடவில்லை. நிழலில் நன்றாகக் காயவிட்டு, இக்னிஷன் அணைத்த நிலையில் வண்டியில் மாட்டி, இக்னிஷன் போட்டேன். திரை இருட்டாகவே இருந்தது. ஸ்கேனரில் 08-ஐத் தொட்டேன். இரண்டு நொடி யோசித்தது, பதில் சொன்னது. கோடிங் எண் முழுதாக வந்தது. எழுதிக்கொண்டேன்.

வாங்கிய பேனலை மறுபடி மாட்டி, 02 என்ற ஃபால்ட் பகுதியைப் பார்த்தால் 01044 இருந்தது. கன்ட்ரோல் யூனிட்டின் கோடிங் தவறு என்பது அதன் பொருள். 07 என்ற கோடிங் பகுதியில் பழைய எண்ணைப் போட்டுச் சேமித்தேன். இக்னிஷனை அணைத்து மறுபடி போட்டேன். 01044 அழிந்தது. ஆனால் மினுங்கல் உடனே நிற்கவில்லை. கோடிங் போட்ட பிறகு ஃபிளாப்களுக்கு அடிப்படை அமைப்பும் செய்தாக வேண்டும். அதை அடுத்த அறிகுறியில் சொல்கிறேன்.

பழைய பேனல் ஸ்கேனரோடு பேசவே இல்லையென்றால்? முதலில், இதற்கு முன் எப்போதாவது அந்த வண்டியை ஸ்கேன் செய்த அறிக்கை யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கஸ்டமரின் வாட்ஸாப்பிலேயே பல சமயம் கிடைத்துவிடும். இல்லையென்றால் அதே வருடம், அதே எஞ்சின், அதே வசதிகள், அதே பேனல் எண் உள்ள இன்னொரு வண்டியில் படித்துக்கொள்ளலாம். நாலும் ஒத்துப்போக வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாகச் சூடு வைக்கும் இரட்டை மண்டல ஏசி வண்டியின் எண்ணை ஒற்றை மண்டல வண்டியில் போட்டால், இல்லாத மோட்டாரைப் பேனல் தேடிக்கொண்டே இருக்கும். அதுவும் முடியவில்லை என்றால், சேசிஸ் எண்ணோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் எடுப்பதுதான் நேர்வழி. தோன்றிய எண்ணைப் போட்டுப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

ஒரு பக்கம் குளிர், மறு பக்கம் அனல். டேஷ்போர்டுக்குள் டக் டக் சத்தம்

ஏசி பெட்டிக்குள் காற்றைத் திருப்பிவிடும் கதவுகள்தான் ஃபிளாப்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மோட்டார். அந்த மோட்டாருக்குள் ஒரு பொட்டன்ஷியோமீட்டர் இருந்து, கதவு இப்போது எங்கே நிற்கிறது என்று பேனலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரே மாடல் என்றாலும் வண்டிக்கு வண்டி இந்த மதிப்பு கொஞ்சம் மாறும். பழைய வண்டியில் கற்றுக்கொண்ட எல்லைகளை வைத்துக்கொண்டு, வந்த பேனல் இந்த வண்டியின் கதவை முடிவைத் தாண்டியும் தள்ளப் பார்க்கும். அப்போதுதான் பல்சக்கரம் தாண்டி டக் டக் என்று அடிக்கும். அல்லது கதவு பாதியில் நின்று, ஹீட்டர் சூடு ஒரு பக்கம் கசிந்துகொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து, 04 என்ற பேசிக் செட்டிங். அந்தத் தலைமுறை கோல்ஃப், லாரா வகைகளில் 08-க்குள் 04 போய், 001 என்ற குரூப்பைக் கொடுத்தால், பேனல் ஒவ்வொரு மோட்டாரையும் இரண்டு எல்லைக்கும் ஓட்டி, மதிப்புகளைப் புதிதாகப் படித்துக்கொள்ளும். உள்ளே வரிசையாக ஒவ்வொரு மோட்டாராக முனகுவது காதில் கேட்கும். அது முடியும் வரை எந்தப் பட்டனையும் தொடாதீர்கள். புதிய வண்டிகளில் குரூப் எண்ணுக்குப் பதில் பெயர்ப் பட்டியல் வரும், ஃபிளாப் மோட்டார் அடிப்படை அமைப்பு என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இதைச் செய்யும்போது பேட்டரி வலுவாக இருக்க வேண்டும். வெயிலில் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துபோகும் ஊர் இது. கோடிங், பேசிக் செட்டிங் இரண்டின் போதும் நான் சார்ஜரை மாட்டியே வைப்பேன். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் எல்லைகள் தப்பாகப் பதிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

பேசிக் செட்டிங் முடிந்தும் சத்தம் நிற்கவில்லையா? 02-இல் 01271 இருக்கிறதா என்று பாருங்கள். வெப்பநிலை ஃபிளாப்பின் வி68 மோட்டார் பற்றிய ஃபால்ட் எண் அது. அடைப்பு அல்லது மின்சாரம் இல்லை என்று கூடவே சொன்னால், மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கலாம். அல்லது டீஃப்ராஸ்ட் வென்ட் வழியாக ஏதாவது உள்ளே விழுந்திருக்கலாம். பேனாமூடி, ஃபாஸ்டேக் ஸ்டிக்கரின் பின்தாள் இதெல்லாம் எடுத்திருக்கிறேன். 03 என்ற அவுட்புட் டெஸ்டில் அந்த ஒரு மோட்டாரை மட்டும் ஓட்டி, காலடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கதவைத் திருப்பும் கை நகர்கிறதா, மோட்டார் மட்டும் சுற்றுகிறதா என்று கண்ணுக்கே தெரியும். இரட்டை மண்டல வண்டியில் இடதுக்கும் வலதுக்கும் வி158, வி159 என்று தனித்தனி மோட்டார்கள். எந்தப் பக்கம் சூடோ அந்தப் பக்கத்து மோட்டாரைப் பாருங்கள்.

ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, குளிர் மட்டும் இல்லை

இங்கேதான் நிறையப் பணம் வீணாகிறது. குளிர் இல்லை என்றதும் கேஸை வெளியேற்றி, புதிதாக ஏற்றி, கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். பேனல் மாற்றும் வரை குளிர் வந்துகொண்டிருந்தது என்றால் கேஸ் மேல் கை வைக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள்.

இந்த வண்டிகள் பலவற்றில் கம்ப்ரஸருக்கு மின்காந்த கிளட்ச் கிடையாது. ஏசி போட்டால் "டக்" என்ற சத்தத்தை எதிர்பார்த்துக் காது வைக்கிறார்கள், வராததால் கம்ப்ரஸரைக் குறை சொல்கிறார்கள். அந்தக் கம்ப்ரஸர் எஞ்சின் ஓடும்போதெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை என்280 என்ற வால்வ் தீர்மானிக்கும். அந்த வால்வுக்கு மின்னோட்டம் கொடுப்பது பேனல். கோடிங் தப்பாக இருந்தால் பேனல் கொடுக்காது.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். எஞ்சினை ஓட்டி, ஏசி போட்டு, 08 என்ற அளவீட்டுப் பகுதிக்குப் போங்கள். ஏசி முகவரியும் 08, அதற்குள் அளவீட்டுப் பகுதியும் 08, குழம்ப வேண்டாம். கம்ப்ரஸர் நிறுத்தக் காரணம் என்று ஒரு எண் காட்டும். 0 என்றால் பேனலுக்குத் தடை ஒன்றும் இல்லை. வேறு எண் வந்தால் தடை இருக்கிறது, அந்த எண்ணுக்குரிய காரணத்தை ஸ்கேனரே எழுத்தில் சொல்லும்: அழுத்தம் குறைவு, வெளி வெப்பநிலை சென்சார், எஞ்சின் சூடு என்று. அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் கேஸ் ஏற்றினால் எதுவும் மாறாது.

அடுத்து ஜி65 என்ற அழுத்த சென்சாரின் மதிப்பு. வண்டி ஓடாமல், நிழலில், எஞ்சின் ஆறிய நிலையில் இருக்கும்போது ஆர்134ஏ கேஸின் அழுத்தம் சுற்றுப்புறச் சூட்டைப் பொறுத்தது. 30 டிகிரியில் கேஜில் சுமார் 6.7 பார், 40 டிகிரியில் 9 பாருக்குக் கொஞ்சம் மேலே. சென்சார் இதற்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளே திரவ கேஸ் இருக்கிறது, சென்சாரும் சரி. முழு அளவு இருக்கிறதா என்பதை இந்த ஓய்வு அழுத்தம் சொல்லாது. கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலும் இதே அழுத்தம்தான் காட்டும். அது எடை போட்டுப் பார்க்கும் வேலை, பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒன்று நினைவில் இருக்கட்டும்: சில ஸ்கேனர்கள் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும், அப்போது கேஜைவிட 1 பார் கூடுதலாகத் தெரியும். கேஜில் நல்ல அழுத்தம் இருந்தும் ஸ்கேனரில் 0 அல்லது நம்ப முடியாத எண் வந்தால், சென்சார் கப்ளரையும் கோடிங்கையும் பாருங்கள்.

22 வைத்தால் புழுங்குகிறது, 18 வைத்தால் நடுங்குகிறது

இரண்டு பக்கத்தையும் லோ வரை இறக்குங்கள். லோவில் பேனல் உள்ளறைச் சூட்டை அளந்து கணக்குப் போடாது, முழுக் குளிரைக் கொடுத்துவிடும். லோவில் நல்ல குளிர் வந்து, 22-இல் மட்டும் குழப்பம் என்றால் குளிரூட்டும் பக்கம் சரி, அளக்கும் பக்கத்தில்தான் கோளாறு.

பேனலின் முகத்திலேயோ பக்கத்திலேயோ சிறு சல்லடைத் துளை இருக்கும். அதன் பின்னால் நகக்கண் அளவு ஃபேன் ஒன்று அறைக்காற்றை இழுத்து, சென்சார் மேல் விடும். பழைய பேனல் என்றால் அந்தத் துளையில் முன்னாள் உரிமையாளர் வீட்டுத் தூசி வரை இருக்கும். நம் கணவாய்க் காற்றில் புழுதிக்குப் பஞ்சமா? ஃபேன் நின்றுவிட்டால், டேஷ்போர்டின் சொந்தச் சூட்டையே அறைச் சூடு என்று சென்சார் நம்பிவிடும். ஒரு சிறு டிஷ்யூத் துண்டைத் துளை மேல் வைத்துப் பாருங்கள். லேசாக ஒட்டிக்கொண்டால் ஃபேன் ஓடுகிறது. விழுந்தால் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள்.

திரையில் 72 என்று வந்து கஸ்டமர் பயந்துபோனால், அது பாரன்ஹீட், நம் 22 டிகிரிதான். பேனலிலோ மீட்டர் மெனுவிலோ அலகை மாற்றிக் கொடுங்கள்.

டொயோட்டாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பல மாடல்களில் ஸ்கேனரே தேவையில்லை. ஆட்டோ பட்டனையும் உள்காற்றுப் பட்டனையும் ஒன்றாக அழுத்தியபடி இக்னிஷன் போட்டால் பேனல் தன்னையே சோதிக்கும். விளக்குகள் மின்னி முடிந்ததும் ஃபால்ட் எண் வரும். 00 என்றால் நலம். 11 அறை சென்சார், 12 வெளிச் சென்சார், 13 எவாப்பரேட்டர் சென்சார், 21 வெயில் சென்சார். பட்டறைக் கூரைக்குக் கீழே இதைச் செய்தால் 21 வந்தே தீரும், வெயில் இல்லாததையே கோளாறாகச் சொல்கிறது. வண்டியை முற்றத்து வெயிலுக்கு நகர்த்தி மறுபடி பாருங்கள். ஆஃப் அழுத்தினால் சோதனை முடியும்.

எல்லாம் செய்தும் பேனல் பாதி வேலைதான் செய்கிறது

ஆடி வண்டிகளில் இது வரும். ஸ்கேனர் அறிக்கையில் பாகப் பாதுகாப்பு செயலில் இருப்பதாகக் காட்டும். திருட்டுப் பாகத்தைத் தடுக்க, பேனலை அந்த வண்டியோடு பூட்டி வைத்திருக்கிறார்கள். கம்பெனியின் ஓடிஸ் கருவியை அவர்கள் சர்வரோடு இணைத்துத்தான் அதை விடுவிக்க முடியும். வி.சி.டி.எஸ்-இல் நடக்காது. அதனால் ஆடிக்குப் பழைய பேனல் வாங்கும் முன்பே, விடுவித்துத் தருவார்களா என்று அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

தோப்புக்காரர் வண்டிக்கு வருகிறேன். கோடிங் போட்டு, பேசிக் செட்டிங் ஓட்டி முடித்ததும் மினுங்கல் நின்றது. கம்ப்ரஸர் தடை எண் 0 வந்தது. நல்ல வெயிலில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் வரை அவரையே ஓட்ட வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து, வென்டில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு குளிர். திரும்பி வந்து பேனலை ஒருமுறை வெளியே இழுத்து, வெள்ளை டேப்பில் கோடிங் எண்ணையும் தேதியையும் எழுதி முதுகில் ஒட்டினேன். அதே எண்ணை அவர் ஆர்.சி. புத்தகத்து உறைக்குள்ளும் ஒரு சீட்டில் வைத்தேன். பழைய பேனலை அவர் மஞ்சப்பையிலேயே திருப்பிக் கொடுத்து, "இதைத் தூக்கிப் போடாதீங்க" என்றேன்.